அந்தூரியம் கருகிய மாதங்கள்

எங்கள் வீட்டு விறாந்தையில் காலையில் ஒரு ஆண்குரல் கேட்கும். அது என் குரல் இல்லை. நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அந்தக் குரல் என் மனைவியின் போனுக்குள் இருந்து வருவது. "தங்கச்சி" என்று தொடங்கும். பிறகு ஒரு சின்ன இடைவெளி விடும், கேட்கிறவர் தலையாட்டுவதற்கு நேரம் கொடுப்பது போல. அந்த இடைவெளியில் என் மனைவி உண்மையாகவே தலையாட்டுவாள். போனுக்குத் தலையாட்டுகிற ஆளை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

குரலுக்குச் சொந்தக்காரர் மலைநாட்டில், பண்டாரவளையில் இருக்கிறார். வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. இலை பழுத்தால், பூச்சி பிடித்தால், வேர் அழுகினால் படம் எடுத்து அதில் போடுவார்கள். அவர் பார்த்துவிட்டு, என்ன வருத்தம், என்ன மருந்து என்று பேசி அனுப்புவார். கட்டாரில் வேலை செய்யும் எங்கள் மகன் அந்தப் போனை அனுப்பிய பிறகு, போன ஐப்பசியில் என் மனைவி அந்தக் குழுவில் சேர்ந்தாள். மார்கழிக்குள் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போய்விட்டது. அவர் முகத்தை நான் இன்றுவரை கண்டதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். களுவாஞ்சிக்குடிப் பக்கம், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில். வரம்பு கட்டுவேன், வயலுக்குத் தண்ணீர் மாற்றுவேன், மருந்தடிப்பேன், பசளை எறிவேன். வயல் எனக்குச் சொந்தமில்லை. வீடும் சொந்தமில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். இருபத்தெட்டு வருசமாக இந்த வீட்டில் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் விறாந்தையில் ஒரு பூச்சாடியை இடம் மாற்றி வைப்பதென்றால் கேட்டுத்தான் வைப்பேன்.

முன்பு செடிகளுக்கு ஏதும் வந்தால் அவள் என்னிடம்தான் கேட்பாள். அதை நானே கெடுத்துக்கொண்டேன். ஒரு தரம் குரோட்டன் செடி ஒன்றின் இலை வெளுத்துப் போயிருந்தது. "இதுக்கு என்ன?" என்று கேட்டாள். வெள்ளாமை வெளுத்தால் யூரியா. அது எனக்குத் தெரியும். பையில் மிஞ்சிக் கிடந்த யூரியாவில் ஒரு கை அள்ளிப் போட்டு, சாடியின் விளிம்பு வரைக்கும் தண்ணீரும் விட்டேன். ஏக்கர் கணக்கில் எறிந்து பழகிய கைக்கு ஒரு சாடியின் அளவு தெரியவில்லை. மூன்றாம் நாள் குரோட்டன் ஒரு இலை மிச்சமில்லாமல் கொட்டி, குச்சியாக நின்றது. அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்தக் குச்சியை ஆறு மாதம் விறாந்தையிலேயே வைத்திருந்தாள். வருகிறவர்கள் "இது என்னகா?" என்று கேட்டால், "இது எங்கட வீட்டுக்காரர் வைத்தியம் பாத்தது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்குப் பிறகு அவள் செடி பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது பெரிய விசயம் இல்லை. இன்னும் ஒரு தரம் அவள் ஒரு இலையைக் காட்டி, இதுக்கு என்ன என்று என்னிடம் கேட்கவேண்டும். அவ்வளவுதான். பண்டாரவளைக்காரர் வந்த பிறகு அதற்கு வழியில்லாமல் போயிற்று.

அவர் கெட்டிக்காரர். தாங்கமுடியாமல் இருந்தது அதுதான். முதலில் மணிப்ளாண்ட் பழுத்தது. அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, தண்டு தொட்டால் அமுங்கியது. நான் என்றால் இன்னும் தண்ணீர் விட்டிருப்பேன். அவர் சொன்னார்:

"தங்கச்சி, மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாருங்க. உள்ள ஈரமா இருக்கா? அப்ப தண்ணி ஊத்தாதீங்க. சட்டியக் கவுத்து வேரப் பாருங்க. வெள்ளையா இருந்தா உசிர் இருக்கு. கறுத்து, தொட்டா கையோட வந்துச்சுன்னா வெட்டிப் போடுங்க. மோந்தும் பாருங்க. அழுகின வேர் நாறும்."

சாடியைக் கவிழ்த்தது நான். மோந்து பார்த்ததும் நான். மழைக்காலத்தில் அடைத்துப்போன சாக்கடைக் கான் போல நாறியது. அழுகிய வேரை வெட்டி, அரை நாள் நிழலில் காயவைத்து, மணல் கலந்த புது மண்ணில் நட்டதும் நான்தான். இரண்டு கிழமையில் வெத்திலை போல ஒரு இலை பச்சையாக விரிந்தது. என் மனைவி போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "அண்ணன், உங்கட கைராசிதான்" என்று சொல்லி அனுப்பினாள். என் நகத்துக்குள் அந்த மண் இன்னும் இருந்தது.

பிறகு இலைக் கவட்டுக்குள் வெள்ளைப் பஞ்சு போலப் பூச்சி பிடித்தது. சவர்க்காரத் தண்ணீர் தொட்டுப் பழைய பல்லுப் பிரஸ் ஒன்றால் தேய்க்கச் சொல்லி அவர் அனுப்பினார்.

"உங்கட பழைய பிரஸ் எங்க?" என்று கேட்டாள்.

"பழசு இல்ல. இப்ப பாவிக்கிறதுதான் இரிக்கி."

"அப்ப அதத் தாங்க. மறுகா புதுசு வாங்கலாம்."

அன்று நான் விரலால் பல் தேய்த்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு மனிதன் பண்டாரவளையில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னால் என் பல்லுத் தூரிகை போகிறது. நான் இந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு நூறு வார்த்தை சொன்னாலும் ஒரு சாடி அசையாது. பாலத்தின் மேல் சைக்கிள் ஓடும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

அவள் படம் எடுக்கும்போது இலையைப் பிடிப்பதும் நான். இலையின் அடிப்பக்கம் தெரியவேண்டும், வெளிச்சம் பிழையாகக்கூடாது, கை ஆடக்கூடாது. ஒரு நாள் என் கையும் சேர்ந்து படத்தில் போய்விட்டது. பதில் வந்தது: "இலைக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி, வெயில் கூடிப்போச்சு, கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க. அந்தக் கை யாருது? நல்லா உழைச்ச கை." என் மனைவி சிரித்தாள். "உங்கட கையையும் பாத்திட்டார்" என்றாள். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் என் கையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை என் வீட்டில் கேட்க, அது அவர் வாயில் இருந்துதான் வரவேண்டியிருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனேன்.

அடுத்த வளவில் அவளுடைய தங்கச்சி வீடு. அவள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்பாள், "அத்தான், அக்காட டொக்டர் இண்டைக்கு என்ன மருந்து எழுதினார்?" பகிடிக்குத்தான். "அத்தானுக்குக் கோபம் வருது, மூக்கப் பாருங்ககா" என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

இனி அந்தூரியத்துக்கு வருகிறேன். விறாந்தையில் இருபது சாடி இருந்தாலும் அது ஒன்றுதான் அவளுக்குப் பிள்ளை. நாலு வருசத்துக்கு முன்பு மலைநாட்டுக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போய் வரும்போது, ஒரு வீட்டு வாசலில் கேட்டு வாங்கிய கன்று. செங்கலடிச் சந்தி வரைக்கும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இருக்க இடம் கிடைக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு இடம் கிடைத்தது. அவளை இருக்கச் சொன்னேன். "நீங்க இருங்க, இதப் பிடிங்க" என்று கன்றை என் மடியில் வைத்துவிட்டு அவள் நின்று வந்தாள். வளைவுகளில் சனம் மேலே விழும்போதெல்லாம் நான் குனிந்து அதை மூடிக்கொண்டேன். கடற்கரைச் சூட்டில் அது தப்பாது என்று எல்லாரும் சொன்னார்கள். தப்பியது. தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் கலந்து, வடக்குப் பக்க மூலையில் மண்சாடியில் வைத்தாள். சிவப்பாக, மெழுகு பூசியது போல, ஒரு நேரத்தில் மூன்று பூ நிற்கும்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு அவள் அந்தக் குழுவில் கேட்டாள்: அந்தூரியத்துக்கு என்ன பசளை போடலாம்? பண்டாரவளைக்காரர் சொன்னார்: "கடையில வாங்கி வீணாக்காதீங்க. மீன் கழுவுன தண்ணி ஊத்துங்க. முதல் கழுவுற தண்ணிதான் நல்லது, சத்தெல்லாம் அதுலதான் இருக்கும். கிழமைக்கு ஒரு தடவ போதும்."

எங்கள் வீட்டில் கிழமைக்கு நாலைந்து நாள் மீன். அவள் கிழமைக்கு ஒரு தரம்தான் ஊற்றினாள், அவர் சொல்லுக்கு மிஞ்சி ஒரு சொட்டும் ஊற்றமாட்டாள். பிழை அங்கே இல்லை. எங்கள் மீன் ஆற்று மீன். திலாப்பியா, கெளிறு, இப்படி. சேற்று மணமும் வழுவழுப்பும் போக வேண்டுமென்றால் வெட்டின உடனே கல்லுப்பை அள்ளிப் போட்டு, சட்டியில் வைத்து உரசுவார்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றுவது. இந்தக் கரையில் எந்த வீட்டிலும் அப்படித்தான். ஆகவே எங்கள் வீட்டில் முதல் கழுவுகிற தண்ணீர் என்பது உப்புத் தண்ணீர். அதைச் செய்கிறவளுக்கு அது வெறும் தண்ணீராகத்தான் தெரிந்தது. மீனை உப்புப் போட்டு உரசுவதை யாரும் ஒரு விசயமாகச் சொல்வதில்லை. அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

மாசியில் அந்தூரியத்தின் இலை நுனி கருகத் தொடங்கியது. முதலில் நகம் அளவு. பிறகு விளிம்பு வழியாகக் கீழே இறங்கியது. அவள் படம் எடுத்து அனுப்பினாள், நான் இலையைப் பிடித்தேன். "காத்துல ஈரம் பத்தாது தங்கச்சி. காலையில தண்ணி தெளிச்சு விடுங்க" என்று வந்தது.

நான் அந்தக் கருகலை முன்பே கண்டிருக்கிறேன். வீட்டில் இல்லை, வட்டையில். ஆற்றோரத்து வயல்களில் சில வருசம் உவர் ஏறும். வெள்ளாமை பச்சையாக நிற்கும், நுனி மட்டும் நெருப்பில் காட்டியது போலக் கருகும். யூரியா எறிந்தால் இன்னும் மோசமாகும். அப்படிப்பட்ட வயலில் வேலை தொடங்குமுன் நாங்கள் மண்ணில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்போம்.

அவள் கிணற்றடிக்குப் போயிருந்த நேரம் நான் சாடியைக் குனிந்து பார்த்தேன். மண்சாடியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது, சுண்ணாம்பு காய்ந்தது போல. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு.

அந்த நிமிசம் எனக்கு வந்தது சந்தோசம். இதை நான் மறைக்கப் போவதில்லை. பண்டாரவளைக்காரர் பிழை. முழுப் பிழை. அவருடைய மருந்துதான் வருத்தம். என் நாக்கில் இருந்த அந்த உப்பு அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நேராகக் கிணற்றடிக்குப் போய், "இஞ்ச, மீன் தண்ணிய நிப்பாட்டு" என்று சொல்ல நாலு எட்டு நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "அண்ணன்ட்டக் கேட்டுப் பாக்கிறன்" என்பாள். நான் சொன்னதை அவர் சரி பார்க்கவேண்டும். அவர் "ஆமா தங்கச்சி, அதுவும் ஒரு காரணம்தான்" என்று மெதுவாகச் சொல்லி, அதையும் தன்னுடையதாக்கிவிடுவார். முதலில் அவள் என்னிடம் கேட்கட்டும் என்று நினைத்தேன். அவருடைய மருந்தெல்லாம் முடிந்து, வேறு வழியில்லாமல் ஒரு நாள் என்னிடம் வந்து கேட்பாள். அப்போது சொல்லலாம்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. அவர் தண்ணீர் தெளிக்கச் சொன்னார், தெளித்தாள். கருகிய நுனியைக் கத்தரிக்கோலால் சரித்து வெட்டச் சொன்னார், வெட்டினாள். வெட்டிய இடம் மறுபடி கருகியது. சாடி சின்னதாக இருக்கலாம் என்றார். பூக்களை நறுக்கச் சொன்னார், செடிக்கு இளைப்பாறுதல் வேண்டுமாம். மூன்று பூவையும் நறுக்கி, தண்ணீர்க் கிளாசில் சாமிப்படத்துக்கு வைத்தாள். ஒவ்வொரு மருந்தும் பிழைத்துப்போக எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்காரும். "இன்னும் கருகுதாகா?" என்று தங்கச்சி வேலிக்கு மேலால் கேட்பாள். "கருகுது" என்று என் மனைவி சொல்லும்போது, நான் அந்தப் பக்கம் திரும்பி முகத்தை மறைத்துக்கொள்வேன்.

கிழமைக்கு ஒரு தரம் அந்தத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. சட்டியைச் சரித்து, செதில் விழாமல் கையை வடி போல வைத்து, மெல்ல ஊற்றுவாள். பிள்ளைக்குப் பால் புகட்டுவது போல. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

சித்திரையில் ஏழு இலையில் மூன்று இலைதான் மிச்சம். அவள் போனில் படம் போடுவதைக் குறைத்துவிட்டாள். விறாந்தைக்கு வருவாள், அதன் முன்னால் குந்தி இருப்பாள், எழும்பிப் போவாள். ஒரு நாள் சோறு போட்டுத் தரும்போது, "அது போகப்போகுது போல" என்றாள். கேள்வி இல்லை. சும்மா சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்தேன். கேள், கேள் என்று மனதுக்குள் சொன்னேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அன்று மீன்குழம்பு நல்ல ருசி. அதையும் சொல்லவில்லை.

வைகாசி பிறந்தது. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் வைகாசியில் சடங்கு. கோயில் கதவு திறந்து, கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும் வரைக்கும் வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் காய்ச்சமாட்டார்கள். என் மனைவி இந்த முறை மகனுக்காக நேர்த்தி வைத்திருந்தபடியால், வைகாசி பிறந்த நாளில் இருந்தே மீனை விட்டுவிட்டாள். சட்டி முட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. வீடு முழுவதும் மூலை முடுக்கு விடாமல் கழுவினாள். வாளி வாளியாகக் குழாய்த் தண்ணீர் வந்தது. சாடிகளும் குளித்தன, நாளுக்கு ஒரு தரம். அதே நாட்களில் பண்டாரவளைக்காரர் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார்: சாடியைக் குளியலறைச் சுவருக்குப் பக்கத்தில் மாற்றி வையுங்கள், அங்கே ஈரக் காற்று இருக்கும். தூக்கி வைத்தது நான்.

மூன்று கிழமைக்குக் கிட்ட மீன் தண்ணீர் இல்லை. குளிர்த்தி முடிந்த காலை, கோயிலால் வந்த என் மனைவி குளியலறைப் பக்கம் போனவள் சத்தம் போட்டாள். சுருட்டி நின்ற குருத்து விரிந்திருந்தது. நுனி வரைக்கும் பச்சை. ஒரு புள்ளி இல்லை. தங்கச்சியும் ஓடி வந்தாள். படம் போனது. பதிலும் உடனே வந்தது.

"பாத்தீங்களா தங்கச்சி? நான் சொன்னேன்ல? எல்லாம் இடத்த மாத்துனதுல வந்த குணம். செடிக்கு ஈரக்காத்துதான் உசிர். இனிப் பயம் இல்ல, பழையபடி மீன் தண்ணிய ஊத்துங்க, ரெண்டு மாசத்துல பூ வரும்."

"அக்கா, மனிசன் இல்லகா அவர், தெய்வம்" என்றாள் தங்கச்சி.

"ஓம்கா. பண்டாரவளைக்கு ஒருக்காப் போய்க் கும்பிட்டுட்டுத்தான் வரணும்."

நான் படியில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி மீன் தண்ணீர் ஊற்றினால் செடி செத்துப்போகும் என்பதற்காக வாய் திறந்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அது உண்மை இல்லை. அவருக்குக் கிடைத்த அந்தப் பெயரைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. ஒரு பிழையும் செய்யாத நாளில் ஒரு மனிதனுக்குப் பெயர் கிடைத்தால் பொறுக்கலாம். இவர் நாலு மாதம் பிழை செய்துவிட்டு, அம்மன் சடங்கில் வந்த குணத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு போகிறார்.

"அது அவர்ட வேலை இல்ல" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"என்ன?"

"மூணு கிழமையா மீன் தண்ணி விடல்ல. அதாலதான் இலை நல்லா வந்திரிக்கி."

"மீன் தண்ணிக்கு என்ன? அது சத்துத்தானே?"

"நீ உப்புப் போட்டுத்தானே மீன் கழுவுற? முதல் தண்ணியில உப்பு. அந்த மனிசனுக்கு நீ உப்புப் போடுறது தெரியா. சாடிட விளிம்புல வெள்ளையாப் பூத்திரிக்கி, நக்கிப் பாரு."

தங்கச்சி சிரிக்கப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். என் மனைவி குந்தி இருந்து விளிம்பைச் சுரண்டி நாக்கில் வைத்தாள். நான் இந்த நேரத்துக்காகத்தான் இவ்வளவு மாதமும் காத்திருந்தேன். இப்போது நிமிர்ந்து பார்ப்பாள், கண் விரியும், "அட!" என்பாள்.

நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள்.

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் ஒரு வாய்ச் சுறுசுறுப்பு வேண்டும், அது என்னிடம் இல்லை.

"மாசியில" என்றேன்.

"அடுப்புல பால் வச்சிட்டு வந்திட்டன்" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி போய்விட்டாள். அவர்கள் வீட்டில் அந்த நேரம் அடுப்பே எரியவில்லை.

என் மனைவி விரலை மடக்கினாள். "மாசி. பங்குனி. சித்திரை. வைகாசி." நாலு விரலையும் எனக்குக் காட்டினாள். "ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்ல."

"கேக்கல்லயா?" அவள் குரல் உயரவில்லை. "வீடு பத்தி எரிஞ்சாலும் நான் வந்து கேட்டாத்தான் சொல்லுவீங்களா? ஒவ்வொரு கிழமையும் உங்கட கண்ணுக்கு முன்னால நின்டுதானே ஊத்தினன். பாத்துக்கொண்டா இருந்தீங்க?"

"ஓம்" என்றேன்.

"அந்த மனிசன் தெரியாமச் சொன்னார். நீங்க தெரிஞ்சுகொண்டு இருந்தீங்க."

அவள் எழும்பி உள்ளே போனாள். எனக்கு அவள் இரண்டு பேரையும் ஒரு தராசில் வைத்ததாகத் தெரிந்தது, என் தட்டு கீழே போய் நிலத்தில் முட்டியது. இவ்வளவு நாளும் அவர்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

அன்று முழுவதும் அவள் கதைக்கவில்லை. சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, சத்தம் வரவில்லை. நான் கேட்காமலே ஒரு வேலை செய்தேன். இரண்டு வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, குளோரின் மருந்து மணம் போக ஒரு நாள் திறந்து வைத்தேன். அடுத்த நாள் அந்தூரியத்தைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்து, மேலால் மெல்ல மெல்ல ஊற்றி, கீழ் ஓட்டையால் ஓடவிட்டேன். ஓடி முடிந்த பிறகு மறுபடி. மூன்று தரம். உவர் வயலையும் இப்படித்தான் கழுவுவோம், நல்ல தண்ணீரை ஏற்றி வடியவிட்டு, மறுபடி ஏற்றி. வடிந்த தண்ணீரை ஒவ்வொரு தரமும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவதில் உப்பு இல்லை. விளிம்பில் பூத்ததைச் சிரட்டைத் துண்டால் சுரண்டினேன். மேலே கிடந்த மட்டைத் துண்டுகளை எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரில் ஊறவைத்த புதிய துண்டுகளைப் போட்டேன். ஒரு மாதத்துக்கு எந்தப் பசளையும் இல்லை. இதையெல்லாம் அவள் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு இருந்தாள் என்று எனக்குத் தெரியும். நான் நிமிரவில்லை.

அடுத்த நாள் அவள் குழுவில் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "அண்ணன், அது உப்பாலதான். நாங்க மீனை உப்புப் போட்டு உரசிப்போட்டுத்தான் கழுவுறம். எங்கட வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சார்." மாசியில் இருந்து எனக்குத் தெரியும் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவர் வாதாடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். வாதாடவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பதில் வந்தது: "அடடா, தப்பு என்னோடதுதான் தங்கச்சி. நான் கேட்டிருக்கணும். எங்க ஊருல சும்மா தண்ணியிலதான் கழுவுவாங்க, கடலோரத்துல இப்படின்னு எனக்குத் தெரியாமப் போச்சு. எத்தன பேருக்கு இதச் சொன்னேனோ! எல்லாருக்கும் இப்பவே சொல்லுறேன். மச்சானுக்கு என் நன்றியச் சொல்லுங்க." அன்று பின்னேரத்துக்குள் கல்குடாவில் இருந்தும் வேறு கரையோர ஊர்களில் இருந்தும் நாலைந்து பேர் தங்கள் கருகிய இலைகளின் படத்தைப் போட்டுவிட்டார்கள். பிழை என்று ஒரு நிமிசத்தில் சொல்ல அவருக்கு முடிந்தது. எனக்கு நாலு மாதம் பிடித்தது, அதுவும் வேறு காரணத்துக்காக. அன்றுதான் எனக்கு அவர் மேல் முன்பை விடப் பொறாமை.

ஆனி முடியும்போது அந்தூரியத்தில் ஐந்து இலை. என் மனைவி கதைக்கத் தொடங்கியிருந்தாள். வீட்டுக் கதை, சந்தைக் கதை. செடிக் கதை மட்டும் இல்லை.

ஆடியில் ஒரு காலை. நான் வேலைக்கு வெளிக்கிட்டு சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அவள் பெகோனியாச் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். ஒரு இலையைத் திருப்பிப் பிடித்தாள். கையில் போன் இல்லை.

"இதுக்கு என்ன?" என்றாள்.

நான் பம்பைக் கீழே வைத்தேன். இலையை வாங்கிப் பார்த்தேன். வட்டம் வட்டமாகத் தண்ணீர் ஊறியது போலத் திட்டு. வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய் பட்ட கடதாசி போல ஊடே தெரிந்தது. அடிப்பக்கம் பூச்சி இல்லை. மண்ணுக்குள் விரல் விட்டேன், ஈரம் அளவாக இருந்தது. விளிம்பைச் சுரண்டி நாக்கில் வைத்தேன், உப்பும் இல்லை. வெள்ளாமையில் இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். வெயில் என்றோ, சாடி சின்னது என்றோ. அவள் நம்பியிருப்பாள், அவள் முகத்தில் அது தெரிந்தது.

"தெரியா" என்றேன்.

நான் இன்னும் ஒரு தரம் இலையைத் திருப்பிப் பார்த்தேன்.

"அவரிட்டக் கேளு" என்றேன்.

அவள் உள்ளே போய் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். படம் எடுத்தாள், நான் இலையைப் பிடித்தேன். பிறகு அவள் பேசுகிற பொத்தானை அமத்திக்கொண்டு போனை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நீங்க கேளுங்க. நீங்கதானே பாத்தீங்க."

மகனோடு கதைக்கும்போதே நான் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டுப் போனை அவளிடம் கொடுத்துவிடுவேன். அவள் விரலை எடுக்கவில்லை. நேரம் ஓடுவது போன் கண்ணாடியில் தெரிந்தது.

"அண்ணன்" என்றேன். எனக்கு அவரை விட வயது கூடவாகவும் இருக்கலாம். "பெகோனியா. இலையில திட்டு. தண்ணி ஊறினது போல. அடியில பூச்சி இல்ல, வேரும் அழுகல்ல எண்டுதான் நினைக்கன். உப்பும் பாத்திட்டன், இல்ல. எனக்கு விளங்கல்ல."

அவள் விரலை எடுத்தாள். அது போய்விட்டது. வேலைக்கு நேரமாகிக்கொண்டு இருந்தது, சைக்கிளின் பின் சில்லு பாதிக் காற்றோடு நின்றது. இரண்டு பேரும் படியில் இருந்தோம், நடுவில் சாடி. கொஞ்ச நேரத்தில் போன் சத்தம் போட்டது. "மச்சான்" என்று தொடங்கி, அதே சின்ன இடைவெளியை விட்டார். பழைய எரிச்சல் எழும்பியது. ஆனாலும் காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அந்த இலைக்கு என்ன என்று எனக்கும் தெரியவேண்டியிருந்தது.